பழைய காருக்கு ஒரு சான்றிதழ் போதுமா?

பழைய மோட்டார் கார் ஒன்று விலைபேசப்படும் இடத்தில் மூன்று வசனங்களைத் தவறாமல் கேட்கலாம். "புகை பாஸ்." "மீற்றரைப் பாருங்கோ, எண்பதாயிரந்தான்." "இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கு." மூன்றும் உண்மையாகவே இருக்கக்கூடும். ஆயினும், நாளை காலை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வீதியில் இறங்கும்போது, குறுக்கே ஒரு சைக்கிள் வந்தால் அந்தக் கார் உரிய தூரத்தில் நிற்குமா என்ற கேள்விக்கு இம்மூன்றில் எதுவும் விடை தருவதில்லை. பழைய வாகனம் வாங்கும் குடும்பம் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டிய முதலாவது விடயம் இதுவேயாகும்.

வாகனம் ஒன்று வீதியில் ஓடுவதற்குத் தகுதியானதா என்பதைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் முறை உலகின் பல நாடுகளில் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. அச்சோதனையின் நம்பகத்தன்மை எவ்வளவு, அது எதைச் சொல்கின்றது, எதைச் சொல்லாமல் விடுகின்றது என்பனவற்றை இங்கு விளக்குவது எமது நோக்கமாகும். சான்றிதழைப் புறக்கணிக்குமாறு நாம் கூறவில்லை. அதற்கு உள்ள பெறுமதியை மட்டும் அதற்குக் கொடுக்க வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது.

முதுமையடைந்த வாகனங்கள்

இவ்விடயம் இலங்கையில் இன்று கூடுதல் முக்கியத்துவம் பெறுவதற்குக் காரணம் உண்டு. அந்நியச் செலாவணி நெருக்கடியை முன்னிட்டு 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களின் இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நாட்டிலிருந்த கார்களே மீண்டும் மீண்டும் கைமாறின. பத்து ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கிய விலையிலும் கூடிய விலைக்குத் தமது காரை விற்றவர்கள் பலர். பொருள் பழையதாகப் பழையதாக விலை ஏறிய இந்த விசித்திரத்தினால், வாகனத்தின் விலைக்கும் அதன் தரத்துக்கும் இடையில் இருக்க வேண்டிய தொடர்பு அறுந்துபோயிற்று. இறக்குமதி மீண்டும் ஆரம்பித்த பின்னரும், வரிகளின் காரணமாகப் புதிய வாகனத்தின் விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாததாகவே உள்ளது. எனவே ஆசிரியர், சிறு வியாபாரி, ஓய்வூதியர் போன்றோர் நாடுவது பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய காரையேயாகும். சேமிப்பையும் குத்தகைக் கடனையும் ஒன்றுசேர்த்துச் செய்யப்படும் இக்கொள்வனவு, வீட்டுக்கு அடுத்ததாக ஒரு குடும்பம் செய்யும் மிகப் பெரிய செலவு எனலாம்.

பழைய வாகனங்கள் எமது மக்களுக்குப் புதியனவல்ல. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்டவர்கள் நாம். அக்கார்களின் ஒவ்வோர் ஆணியையும் அறிந்த மெக்கானிக்குகள் அன்று ஊருக்கு ஊர் இருந்தனர். இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே நோயைச் சொன்னார்கள். இன்றைய பழைய கார் அத்தகையதன்று. காற்றுப்பைகள், மின்னணுக் கட்டுப்பாடுகள், கலப்பு எரிபொருள் வாகனமாயின் உயர் அழுத்தப் பற்றரி என்பன அதனுள் உள்ளன. இவற்றின் நோயைக் காதினால் கேட்டு அறிய முடியாது.

எமது நாட்டில் எது சோதிக்கப்படுகின்றது?

இலங்கையில் தனியார் கார் ஒன்றின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது முக்கியமாகக் கேட்கப்படுபவை இரண்டு. ஒன்று காப்புறுதிச் சான்று. மற்றையது புகைப் பரிசோதனைச் சான்று. பிந்தியது 2008 இல் மேல் மாகாணத்தில் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பெற்றோல் வாகனமாயின் வெளியேறும் வாயுவில் காபனோரொட்சைட்டு, ஐதரோகாபன் ஆகியவற்றின் அளவு பார்க்கப்படுகின்றது. டீசல் வாகனமாயின் புகையின் அடர்த்தி அளக்கப்படுகின்றது. காற்று மாசடைவதைக் கட்டுப்படுத்துவதற்கு இது அவசியமான சோதனையே. எனினும் பிரேக் இயங்காத, டயர் தேய்ந்து வழுக்கையாகிய, ஸ்டியரிங் மூட்டுகள் கழன்ற கார் ஒன்றும் இயந்திரம் செம்மையாக எரிந்தால் இச்சோதனையில் சித்தியடைந்துவிடும். புகைச் சோதனையின் வேலை புகையை அளப்பதே. அதை வாகனத்தின் ஒட்டுமொத்தத் தகுதிக்கான சான்றாக எடுத்துக்கொள்வது விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து செய்யும் தவறு.

பஸ், லொறி போன்ற வர்த்தக வாகனங்களுக்குத் தகுதிச் சான்றிதழ் என்ற ஒன்று சட்டப்படி தேவைப்படுகின்றது. தனியார் காருக்கு அத்தகைய காலமுறைச் சோதனை இல்லை. வீதியில் ஓடத் தகுதியற்றதாகக் காணப்படும் எந்த வாகனத்தையும் பொலிஸார் நிறுத்தி மோட்டார் வாகனப் பரிசோதகரின் பார்வைக்கு அனுப்பலாம். நடைமுறையில் அப்பரிசோதகர் தனியார் கார் ஒன்றின் அடிப்பாகத்தை முதன்முதலாக நுணுகிப் பார்ப்பது பெரும்பாலும் விபத்து ஒன்றின் பின்னராகவே என்றால் அது மிகையாகாது.

குத்தகைக் கம்பனிகள் கோரும் மதிப்பீட்டு அறிக்கை குறித்தும் ஒரு வார்த்தை. அவ்வறிக்கை, வாகனத்தை விற்றால் கடன் மீளுமா என்ற கேள்விக்கான பதில். கடன் கொடுப்பவரின் பாதுகாப்புக்காக எழுதப்படுவது அது. அதில் பயணம் செய்பவரின் பாதுகாப்பு அதற்குள் அடங்கும் என எண்ணிவிடக் கூடாது.

பிற நாடுகளின் அனுபவம்

வாகனத் தகுதிச் சோதனையில் நீண்ட அனுபவம் கொண்ட நாடுகளில் பிரித்தானியா ஒன்று. அங்கு 1960 இல் இச்சோதனை அறிமுகமானபோது பத்து ஆண்டுகள் கடந்த வாகனங்களுக்கே அது விதிக்கப்பட்டது. பிரேக், விளக்குகள், ஸ்டியரிங் ஆகிய மூன்றுமே பார்க்கப்பட்டன. சோதனைக்கு வந்த வாகனங்களில் பெருந்தொகையானவை தவறியதைக் கண்டு, 1961 இல் வயதெல்லை ஏழு ஆண்டுகளாகவும் 1967 இல் மூன்று ஆண்டுகளாகவும் குறைக்கப்பட்டது. இன்று டயர், ஆசனப்பட்டி, அடிச்சட்டத்தின் துரு, வாயு வெளியேற்றம் எனப் பட்டியல் நீண்டுள்ளது. 2018 மே மாதம் முதல் குறைபாடுகள் அபாயகரமானவை, பாரதூரமானவை, சிறியவை என வகுக்கப்படுகின்றன. ஒரு காரின் பதிவிலக்கத்தைக் கொடுத்து, அது முன்னைய சோதனைகளில் எதற்காகத் தவறியது, அப்போது மீற்றர் எவ்வளவு காட்டியது என்பனவற்றை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எமது கருத்தில் அம்முறையின் மிகச் சிறந்த அம்சம் இந்தப் பகிரங்கப் பதிவேயாகும்.

இவ்வளவு விரிவான சோதனையிலும் இயந்திரம், கிளச், கியர்பெட்டி ஆகியவற்றின் நிலை சோதிக்கப்படுவதில்லை என்று பிரித்தானிய அரசே தெளிவாகக் கூறியுள்ளது. சோதிப்பவர் வாகனத்தின் எப்பாகத்தையும் கழற்றிப் பார்ப்பதும் இல்லை. கண்ணுக்கும் கைக்கும் கருவிக்கும் வெளியிலிருந்து எட்டுபவற்றையே அவர் பார்க்கின்றார்.

ஜேர்மனியின் தொழில்நுட்பச் சோதனைச் சங்கங்களின் வேர் கார்களுக்கும் முந்தியது. 1865 இல் மன்ஹைம் நகரின் மதுபானத் தொழிற்சாலை ஒன்றில் நீராவிக் கொதிகலன் வெடித்ததைத் தொடர்ந்து, மறு ஆண்டு கொதிகலன் உரிமையாளர்கள் சேர்ந்து அமைத்த சோதனைச் சங்கமே அதன் தொடக்கம். பொருளை விற்பவரும் திருத்துபவரும் அல்லாத மூன்றாமவர் ஒருவர் சோதிக்க வேண்டும் என்ற தத்துவம் அங்கிருந்து வந்தது. 1951 முதல் வாகனங்களுக்குக் காலமுறைச் சோதனை அங்கு கட்டாயமாகியது. தற்போது புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும் பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அது நடைபெறுகின்றது. எந்த வகைக் கார் எந்த வயதில் எவ்வளவு வீதம் தவறுகின்றது என்ற அறிக்கையும் ஆண்டுதோறும் வெளியாகின்றது.

எமது வீதிகளில் ஓடும் கார்களில் பெரும்பகுதியை அனுப்பிய ஜப்பானிலும் புதிய தனியார் காருக்கு மூன்றாம் ஆண்டில் முதற் சோதனை, பின்னர் ஈராண்டுக்கு ஒன்று என்பதே விதி. ஜப்பானியச் சோதனை கடுமையானது என்ற நற்பெயரை எமது விற்பனையாளர்கள் அடிக்கடி எடுத்துக்கூறுவர். ஆனால் மூன்று ஆண்டுகள் நிறைவதற்கு முன்னரே கப்பலேறிய கார் ஒன்று அந்தச் சோதனையை ஒருமுறையேனும் கண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதன் பின்னர் இங்கு பதினைந்து ஆண்டுகள் ஓடிய காருக்கு ஜப்பானின் நற்பெயர் எவ்விதத்தில் சாட்சியாகும் என்பதை வாசகர்களே சிந்திக்கலாம்.

சோதனை தவறும் இடங்கள்

ஒழுங்காக நடைபெறும் சோதனையும் மூன்று வழிகளில் பிழைத்துப்போகலாம்.

முதலாவது காலம். சோதனை என்பது ஒரு நாளின், சரியாகச் சொன்னால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தின் நிழற்படம். சான்றிதழோ ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ செல்லுபடியாகின்றது. ஐந்து ஆண்டு வயதுடைய காரில் ஓராண்டுக்குள் ஏற்படும் மாற்றம் சிறிது. இருபது ஆண்டு ஓடிய காரிலோ, சோதனையன்று ஓரளவு இருந்த பிரேக் குழாய் மூன்று மாதத்தில் வெடிக்கலாம். வாகனம் முதிர முதிர அந்த நிழற்படம் விரைவில் பழசாகிவிடுகின்றது.

இரண்டாவது பட்டியல். சோதிப்பவர் பட்டியலில் உள்ளதையே பார்க்கின்றார். உருளைகளின் மீது சக்கரங்களை ஓடவிட்டு ஒவ்வொரு சக்கரத்தினதும் பிரேக் விசையை அளக்கும் கருவி, வலத்துக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை மெக்கானிக்கின் அனுபவத்தை விடத் துல்லியமாகக் காட்டும். அதே கருவி, நீண்ட இறக்கத்தில் தொடர்ச்சியாக மிதிக்கும்போது பிரேக் சூடேறித் தளர்வதைக் காட்டாது. ஹப்புத்தளையிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ இறங்கும் சாரதிக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை.

மூன்றாவது மனிதர். சோதிப்பவரே திருத்துபவராகவும் இருந்தால், இல்லாத பழுதைச் சொல்லிப் பணம் பெறும் ஆசையும், வாடிக்கையாளரை இழக்காமல் இருக்க உள்ள பழுதை மறைக்கும் ஆசையும் தோன்ற இடமுண்டு. அரசு நேரடியாக நடத்தினால் இக்குறை நீங்கும் என்போர் வட அயர்லாந்தை நோக்க வேண்டும். அங்கு சோதனை நிலையங்களை நடத்துவது அரசு. 2020 ஜனவரியில், வாகனங்களை உயர்த்தும் 55 உயர்த்திகளில் 48 இல் வெடிப்பு அறிகுறிகள் காணப்பட்டமையால், பெரும்பாலான வாகனங்களுக்கான சோதனை அங்கு இடைநிறுத்தப்பட்டது. சோதிக்கும் கருவியையும் சோதிக்க வேண்டும் என்ற பாடத்தை அது கற்பித்தது.

கட்டுப்பாட்டுக்குப் பேர்போன ஜப்பானிலும் 2021 இல் ஓர் அதிர்ச்சி ஏற்பட்டது. அய்ச்சி மாநிலத்தில் டொயோட்டா விற்பனைக் கம்பனி ஒன்றின் கிளையில், ஐயாயிரத்துக்கும் அதிகமான வாகனங்களுக்கு உரிய சோதனைகள் முறையாகச் செய்யப்படாமல் சான்று வழங்கப்பட்டமை தெரியவந்தது. வாடிக்கையாளர் காத்திருக்கும் குறுகிய நேரத்துக்குள் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும் என்ற நெருக்கடி அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. இலஞ்சமோ தீய நோக்கமோ இல்லாத இடத்திலும், வரிசை நீளும்போது சோதனை சுருங்கும் என்பது மனித இயல்பு.

கிலோமீற்றரும் ஆண்டும்

ஒரு வாகனம் இரண்டு வகையில் முதுமையடைகின்றது. ஓடிய தூரத்தினால் தேய்பவை ஒருவகை. கிளச், சக்கரத் தாங்கிகள், ஷொக் அப்சோர்பர், ஸ்டியரிங் மூட்டுகள், இயந்திரத்தின் உட்பாகங்கள் என்பன அவை. நின்றாலும் ஓடினாலும் ஆண்டுகளால் அழிபவை மற்றொரு வகை. பிரேக் திரவமும் அதன் ரப்பர் குழாய்களும், டயர்களும், எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் வளையங்களும், அடிச்சட்டமும் இதில் அடங்கும். ஆகவே "குறைய ஓடிய பழைய கார்" என்பது எப்போதும் நல்ல செய்தியாகாது. 2022 எரிபொருள் நெருக்கடியின்போது முற்றத்தில் மாதக்கணக்கில் அசையாது நின்ற கார் பலவற்றுக்கு மீற்றர் ஏறவில்லை. துருவும் வெடிப்பும் ஏறின. கல்முனை, மன்னார், நீர்கொழும்பு போன்ற கடற்கரைப் பிரதேசங்களின் உப்புக் காற்று அடிச்சட்டத்தை உண்பதற்குக் கார் ஓட வேண்டும் என்ற நியதியும் இல்லை.

மீற்றரின் வாக்குமூலத்தை எளிய கணக்கினால் சோதிக்கலாம். பதினைந்து ஆண்டுக் கார் 80,000 கிலோமீற்றர் காட்டினால், அது நாளொன்றுக்குச் சராசரி 15 கிலோமீற்றர் கூட ஓடவில்லை என்று பொருள். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். மாதம் இருமுறை போய்வந்த கார், அப்பயணத்தினால் மட்டும் ஆண்டுக்கு 19,000 கிலோமீற்றரைத் தாண்டியிருக்கும். முன்னைய உரிமையாளரின் தொழில் என்ன, அவர் எங்கு வசித்தார் என்று வினவினால் மீற்றர் உண்மை பேசுகின்றதா என்பது ஓரளவு விளங்கும். பிரேக் மிதியின் ரப்பர், ஸ்டியரிங் வளையம், சாரதி ஆசனத்தின் ஓரம் ஆகியன தேய்ந்திருந்தும் மீற்றர் மட்டும் இளமையாக இருந்தால் ஐயுறுவதே அறிவுடைமை.

எந்தச் சாதாரண சோதனைக்கும் புலப்படாத ஆபத்துக்கு டகாட்டா காற்றுப்பை விவகாரம் தெளிவான உதாரணம். ஜப்பானின் டகாட்டா கம்பனி தயாரித்த காற்றுப்பை ஊதிகளில் பயன்படுத்தப்பட்ட அமோனியம் நைத்திரேற்று, ஆண்டுக்கணக்கில் வெப்பத்துக்கும் ஈரப்பதனுக்கும் உட்படும்போது சிதைவடைகின்றது. பின்னர் விபத்தொன்றில் காற்றுப்பை விரியும்போது அதன் உலோகக் கூடு வெடித்துச் சிதறி, காக்க வேண்டிய சாரதியையே காயப்படுத்துகின்றது அல்லது கொல்கின்றது. டொயோட்டா, ஹொண்டா, நிசான் உள்ளிட்ட பல தயாரிப்பாளர்களின் கார்கள் உலகெங்கும் கோடிக்கணக்கில் மீள அழைக்கப்பட்டன. 2014 இல் மலேசியாவிலும் இதனால் மரணம் சம்பவித்தது. டகாட்டா 2017 இல் வங்குரோத்தாகியது. வெப்பமும் ஈரப்பதனும் ஆண்டு முழுவதும் நிலவும் எமது நாடு இவ்வூதிகளுக்கு மிகவும் பாதகமான சூழல். ஜப்பானில் 2018 மே மாதம் முதல், ஆபத்து மிகுந்த ஊதிகளை மாற்றாத கார்கள் தகுதிச் சோதனையில் சித்தியடைய முடியாது. ஆனால் அங்கு அனுப்பப்பட்ட மீளழைப்புக் கடிதம், கப்பலேறி இங்கு வந்து ஐந்தாவது கைக்கு மாறிய காரின் உரிமையாளரைத் தேடி வருவதில்லை. காரின் சேசிஸ் இலக்கத்தைக் கொண்டு உள்ளூர் முகவரிடமோ தயாரிப்பாளரின் இணையத்தளத்திலோ விசாரிப்பதே இதனை அறியும் வழி.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களும் இவ்வகையினவே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருவெள்ளம் நாட்டின் பல மாவட்டங்களில் வாகனங்களையும் மூழ்கடித்தது. கழுவி, உலர்த்தி, வாசனை தெளித்து விற்கப்படும் அத்தகைய காரில் மின்கம்பி இணைப்புகள் மாதங்கள் கழிந்த பின்னரே அரிப்புக்கு உள்ளாகிச் செயலிழக்கின்றன. அன்றைய தினச் சோதனை அதனைக் காணாது.

வாங்குபவர் செய்யக்கூடியவை

சான்றிதழ் முழுமையான விடை அல்லவெனில் சாதாரண குடும்பம் என்ன செய்யலாம்? பின்வருவனவற்றுக்குப் பெரும் செலவு தேவையில்லை.

முதலில் ஆவணங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள சேசிஸ் இலக்கமும் இயந்திர இலக்கமும் வாகனத்தில் பொறிக்கப்பட்டவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பழைய சேர்விஸ் பற்றுச்சீட்டுகள் இருந்தால் அவற்றின் திகதியையும் மீற்றர் அளவையும் வரிசைப்படுத்திப் பாருங்கள். குறையும் எண் ஒன்று தென்பட்டால் அங்கேயே நின்றுவிடலாம்.

அடுத்து, இயந்திரம் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் செல்லுங்கள். நீங்கள் வருமுன்னரே சூடேற்றி வைக்கப்பட்ட இயந்திரம் தனது குறையை மறைக்கும். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால் கலந்தது போன்ற படிவு இருந்தால், எண்ணெயோடு நீர் கலந்துள்ளதா என்பதை மெக்கானிக்கைக் கொண்டு உறுதிப்படுத்த வேண்டும். சாவியைத் திருப்பியவுடன் எச்சரிக்கை விளக்குகள் யாவும் எரிந்து, இயந்திரம் இயங்கியபின் அணைய வேண்டும். காற்றுப்பை விளக்கு எரியவே இல்லையென்றால் அதன் இணைப்பைத் துண்டித்திருக்கவும் கூடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 எனின் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். பூ நன்றாக இருந்தாலும் பத்தாண்டு வயதான டயர் பாதுகாப்பானதன்று. ஒருபக்கம் மட்டும் தேய்ந்த டயர் சக்கர ஒழுங்கிலோ அடிச்சட்டத்திலோ உள்ள கோணலைக் காட்டிக்கொடுக்கும். ஆசனப்பட்டியை முழுமையாக வெளியே இழுத்துப் பாருங்கள். அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கறையோ நீர்க்கோடோ இருந்தால் அந்தக் கார் வெள்ளத்தைக் கண்டது எனக் கொள்ளலாம்.

பின்னர், காரை உயர்த்தும் மேடையில் ஏற்றி அடியிலிருந்து பார்க்கச் செய்ய வேண்டும். பளபளப்பான மேற்பூச்சைக் காட்டிலும் ஐந்து நிமிடம் அடிப்பாகத்தைப் பார்ப்பது அதிகம் சொல்லும். புதிதாகப் பூசப்பட்ட தடித்த கறுப்புத் தார்ப்பூச்சு, அதன் கீழே உள்ள துருவை அல்லது ஒட்டுவேலையை மறைக்கக்கூடும். மின்னணுக் கட்டுப்பாட்டை ஸ்கேன் கருவியால் வாசிக்கச் செய்யுங்கள். பிழைக் குறியீடுகள் எதுவும் இல்லை என்பதோடு திருப்தியடைய வேண்டாம். அவை அண்மையில் அழிக்கப்பட்டனவா என்பதையும் அக்கருவியினால் பெரும்பாலும் அறியலாம். கலப்பு எரிபொருள் வாகனமாயின் பற்றரியின் நிலையைத் தனியே சோதிக்க வேண்டும்.

இவற்றைச் செய்யும் மெக்கானிக் நீங்கள் தெரிவுசெய்தவராக இருக்க வேண்டும். தரகர் அழைத்துவருபவராக இருக்கக் கூடாது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவருக்கு உரிய கூலி கிடைக்கும் என்பதை முன்னரே தெரிவித்துவிடுங்கள். "வாங்க வேண்டாம்" என்று சொல்வதால் நட்டம் ஏற்படாத ஒருவரே உண்மையைச் சொல்லும் சுதந்திரம் உடையவர். மன்ஹைம் கொதிகலன் உரிமையாளர்கள் 1866 இல் கண்டறிந்த தத்துவமும் இதுவேயாகும்.

விற்பவரின் கடமை

வாங்குபவரே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டை எமது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் அடிப்படையாகக் கொண்டுள்ளது. அத்தொழிலைச் செய்யும் வணிகரிடம் வாங்கும்போது சட்டம் சில பாதுகாப்புகளைத் தருகின்றது. எனினும், வாங்குபவர் பொருளைப் பரிசீலித்திருந்தால், அப்பரிசீலனையில் வெளிப்பட்டிருக்க வேண்டிய குறைகள் பற்றிப் பின்னர் முறையிடுவது கடினம். தனியாள் ஒருவரிடம் வாங்குபவருக்கு இப்பாதுகாப்பும் மிகக் குறைவு. ஆகவே வாய்மொழி உறுதிகளை எழுத்தில் பெற்றுக்கொள்வது நன்று. மீற்றர் அளவு, விபத்து வரலாறு, வெள்ளப் பாதிப்பு ஆகிய மூன்றையும் விற்பவர் ஒப்பமிட்டுத் தரத் தயங்கினால், அத்தயக்கமே ஒரு தகவல்.

சட்டத்துக்கு முன்னரே அறம் இவ்விடயத்தில் பேசிவிட்டது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு நபிகள் நாயகம் அவ்வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை எமது முஸ்லிம் வாசகர்கள் நன்கறிவர். வள்ளுவரும் வணிகரின் நேர்மையை நடுவு நிலைமை என்ற அதிகாரத்திலேயே வைத்துப் பேசுகின்றார். மேற்பூச்சால் துருவை மறைத்து விற்பவர், விலையில் மட்டும் ஏமாற்றவில்லை. அந்தக் காரின் முன் வீதியைக் கடக்கப்போகும் அறியாத ஒருவரின் உயிரையும் பேரத்தில் வைக்கின்றார்.

அரசு செய்ய வேண்டியது

தனியார் கார்களுக்கும் காலமுறைத் தகுதிச் சோதனை வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. ஆனால் அதனை ஒரே நாளில் திணிப்பது ஏழைக் குடும்பங்களின் வாகனத்தைப் பறிப்பதாகவும், இலஞ்சத்துக்கு இன்னொரு கதவைத் திறப்பதாகவும் முடியலாம். பிரித்தானியா 1960 இல் தொடங்கிய விதத்தில் சிந்திக்க இடமுண்டு. அதிக வயதுடைய வாகனங்களுடனும், பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்குகள் ஆகிய சிலவற்றுடனும் ஆரம்பிக்கலாம். நாடெங்கும் ஏற்கனவே உள்ள புகைப் பரிசோதனை நிலையங்களுக்கு வருடாந்தம் வரும் காரின் மீற்றர் அளவைப் பதிவுசெய்து, பதிவிலக்கத்தைக் கொண்டு எவரும் பார்க்கக்கூடியதாக வெளியிடுவதற்குப் பெரும் முதலீடு தேவையில்லை. மீற்றரைத் திருப்பும் தொழிலுக்கு அதுவே பெரும் தடையாகும். மீளழைக்கப்பட்ட காற்றுப்பைகள் உள்ள கார்களின் உரிமையாளர்களுக்கு, வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படும்போதே அறிவித்தல் வழங்கவும் வழிசெய்யலாம். சோதனை நிலையங்களில் எழுந்தமானமாகத் தெரிவுசெய்த வாகனங்களை மீளச் சோதிக்கும் சுயாதீன ஏற்பாடு இல்லாமல் எந்தச் சான்றிதழும் நம்பிக்கை பெறாது.

இவை நடைமுறைக்கு வரும் நாள்வரையும், வந்த பின்னரும், பழைய காரின் தகுதிக்கு இறுதிப் பொறுப்பு அதன் உரிமையாளருடையதே. காப்புறுதிப் பத்திரங்களிலும் வாகனத்தை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வழமையாகக் காணப்படுகின்றது. சோதனையில் சித்தியடைந்த கார் அன்றைய தினம் அப்பட்டியலின்படி குறையற்றது, அவ்வளவே. மறுநாள் முதல் பிரேக் எண்ணெயைப் பார்ப்பதும், டயரைப் பார்ப்பதும், புதிதாக எழும் ஓசைக்குச் செவிகொடுப்பதும் வீட்டிலுள்ளவர்களின் வேலை. வாங்கும் விலையில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கென ஒதுக்கி வைத்துவிட்டே பழைய காரைத் தேடத் தொடங்குங்கள். அந்த ஒதுக்கீட்டுக்குக் கையில் இடமில்லையெனில், அதனிலும் விலை குறைந்த காரைத் தேடுவதே பாதுகாப்பானது.